ஆர்ச்வேக்கு வந்த எகிப்தியத் தேவியர்

வாய்மொழிக் கதை திரட்டுபவன் கதைக்கு முன்னால் சொல்ல வேண்டியது, அதை யாரிடம், எப்போது கேட்டான் என்பதே. கீழ்வருவன சென்ற மாரிகாலத்துச் சனிக்கிழமைகளில், இந்தக் குளிர்நாட்டு நகரின் ஆர்ச்வே ரயில் நிலையத்துக்கு அருகே, புலம்பெயர்ந்த தமிழர் கூடும் ஒரு சிறு மண்டபத்தில், மூவர் வாயால் கேட்டவை. பழைய எகிப்தியத் தேவியரின் கதையொன்றை நான் சொல்வேன். கேட்டவர்கள் மறுவாரம் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எது மாறுகிறதோ, அதுவே எனக்கு வேண்டியது. நான் திருத்துவதில்லை. கதை நின்றால் “பிறகு?” என்று மட்டும் கேட்பேன். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிப் பழகியவர்களுக்கு இத்தொழிலின் சுகம் தெரியும்.

சிவப்புப் பியர்

மனிதரைத் தண்டிக்கச் சூரியதேவன் அனுப்பிய சிங்கமுகத் தேவி செக்மெட், கொல்வதை நிறுத்தவில்லை. மற்றத் தேவர்கள் பியரில் சிவப்புச் சாயம் கலந்து வயலெங்கும் ஊற்றினார்கள். இரத்தமென்று குடித்தவள் மயங்கினாள், உலகம் பிழைத்தது.

நகரின் தெற்கே நோர்பரியில் கடை வைத்திருக்கும் குணம் அண்ணை இதைச் சொன்னபோது, தேவி தூங்கியதோடு நிற்கவில்லை, தலையிடியோடு விழித்துக்கொண்டாள். “பிறகு?” என்றேன். பக்கத்திலிருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பிறகென்ன சேர், ஆர் ஊத்தினது எண்டு விசாரணை தொடங்கும். அதுக்குப் பியரே ஊத்தாமல் விட்டிருக்கலாம்.”

மறைத்த பெயர்

முதுமையடைந்த சூரியதேவனின் எச்சிலும் மண்ணும் பிசைந்து ஐசிஸ் ஒரு பாம்பு செய்தாள். அது அவனைக் கடித்தது. அவனுடைய வல்லமையெல்லாம் அடங்கிய மறைபெயரைச் சொன்னால்தான் நஞ்சை இறக்குவேன் என்றாள். அவளது குணத்தைப் பலகையில் ‘தந்திரம்’ என்று எழுதினேன்.

கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்த கல்பனா அதை ஏற்கவில்லை. “அவ்வளவு வயசாகியும் பாஸ்வேர்டை யாருக்கும் தராம வெச்சிருந்தா, கூட இருக்கிறவ பாம்புதான் செய்வா சார்.”

தேடுபவள்

சொந்தத் தம்பியே கொன்று துண்டுகளாக்கி ஆற்றில் எறிந்த கணவன் ஒசிரிஸின் உடலை ஐசிஸும் தங்கை நெப்திஸும் ஆற்றோரமாகத் தேடிச் சேர்த்து, அழுது, உயிரூட்டினார்கள் என்று சொல்லியிருந்தேன். மறுவாரம் பனி கொட்டியது, ரயில்கள் நின்றன. வந்தவர் தவமணி மட்டும். ஊரில் நடந்த போரின் கடைசியில் கொண்டுபோகப்பட்ட அவருடைய கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹீட்டரருகே கோட்டைக் கழற்றாமல் இருந்து கேட்பார்; ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை.

அன்று தானாகவே தொடங்கினார். ஐசிஸ் ஆற்றோரமாக நடந்தாள், ஓடக்காரரைக் கேட்டாள், காவலுக்கு நின்றவர்களைக் கேட்டாள். தவமணியின் கதையில் தங்கை வரவேயில்லை. ஓரிடத்தில் கதை நின்றது. சும்மா இருந்திருக்கலாம், பழக்கம் விடவில்லை. “பிறகு?” என்றேன்.

“பிறகு எண்டு ஏன் சேர் கேக்கிறியள்? அவ இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறா. அப்பிடியே எழுதுங்கோ.”

நின்றுபோன கதையை ‘குறை’ என்று குறிப்பது என் வழக்கம். இதை முழுக்கதை என்றே எழுதினேன். பின்னொரு வாரம் கேட்ட குணம் அண்ணையின் கதையில் ஒசிரிஸ் எழுந்து சாப்பாடு கேட்கிறான். கல்பனாவின் கதையில் ஐசிஸின் மகன் வளர்ந்து அரசை மீட்கிறான். அந்தப் பனிநாளில் நானும் தவமணியும் விளக்கணைக்கும் வரை அங்கேயே இருந்தோம்.

கதை முடிந்தால் எழுந்து, “பிறகு?” என்று கேட்க ஆளில்லாத வீட்டுக்குப் போகவேண்டும் என்பதால், முடியாத கதையே எனக்கு வசதியாக இருக்கிறது.