பின்னிருக்கை இல்லாத சிவப்பு குட்ஸி

ஞாயிறு மதியம் லசான்யாத் தட்டு வெளியே வந்ததும், பெட்டியடுப்பின் சூடு ஆறுவதற்குள் எர்மெஸ் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கூட்டை உள்ளே தள்ளிவிடுவார். அலுமினியம் சூட்டில் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். விரிந்தால் உள்ளே இறுகிப்போன பழைய பேரிங் தானாகக் கழன்று விழும். அடிக்க வேண்டாம், இழுக்க வேண்டாம். அதுவரை அவர் சாப்பிடுவார், ஆனால் காது மட்டும் அடுப்புப் பக்கம் இருக்கும். ‘டொக்’கென்று கேட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்.

“உள்ள வேகுறது யாரோட கோழி எர்மெஸ், உன்னோடதா என்னோடதா?” என்பாள் மனைவி நெரினா.

“கதவத் தொறந்துடாத. சூடு போயிடும்.”

“அடுத்த வாரம் கேக்குல கிரீஸ் வாடை அடிக்கும்.”

“போன வாரமே அடிச்சுது. நான் ஏதாவது சொன்னேனா?”

எர்மெஸ் கூட்டுறவுச் சங்கத்தின் பால் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். வட இத்தாலியில், போ என்ற ஆற்றின் கரைமேட்டுக்குக் கீழே வீடு. வண்டி வேலைக்குக் கொட்டகை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே குளிரும், பேச்சுத்துணைக்குக் கோழிகள்தான். அதனால் மோட்டார் சைக்கிளின் எலும்பு கொட்டகையிலும் உயிர் சமையலறையிலும் கிடக்கின்றன. நெரினா மாவு தேய்க்கும் பலகையின் ஒரு பாதி அவளுக்கு, மறுபாதி அவருக்கு. அவள் தன் பாதியில் தொர்தெல்லிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் தன் பாதியில் ஒரு குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைவது போல வால்வைக் கடைந்துகொண்டிருப்பார். எல்லை தாண்டியவர் பாத்திரம் கழுவ வேண்டும். பெரும்பாலும் அவர்தான் கழுவுகிறார்.

வண்டி அவருடையது அல்ல, மாமனாருடையது. குட்ஸி கம்பெனி தன் ஏரிக்கரை ஆலையில் செய்த சிவப்பு வண்டி. ஒற்றை சிலிண்டர், அதுவும் படுத்த வாக்கில். எஞ்சினுக்கு வெளியே ஒரு பெரிய இரும்புச் சக்கரம் சுழலும். பன்றித்தொடை சீவும் மெஷின் என்றுதான் ஊரில் அதற்குப் பெயர். மாமனாருக்குப் பொருத்தமான வண்டி. அவர் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பன்றி வெட்டி, கறியைக் குடலில் அடைத்து சலாமி கட்டிக் கொடுத்தவர். பக்கப்பெட்டியில் கத்திகள், பின்னிருக்கையில் குடல் கழுவும் வாளியோடு மாமியார். விடிகாலைப் பனிமூட்டத்தில், மாமனார் ஒயின் கலந்த சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் வண்டியை மிதித்துச் சூடாக்கி வைப்பது மகள் நெரினாவின் வேலை. பள்ளிக்கூடத்துக்கு அவள் பெட்ரோல் வாடையோடுதான் போனாள்.

அந்தப் பின்னிருக்கையால்தான் வீட்டில் சண்டை. எர்மெஸ் அதைக் கழற்றிவிட்டார்.

“ஆலையிலேர்ந்து ஒத்த சீட்டோடதான் வந்துச்சு. பழைய வண்டி கிளப் நடுவர் பார்த்தா மார்க்கக் குறைச்சுடுவார்.”

“எங்கம்மா அதுல உக்காந்துதான் ஊர் ஊராப் போனா. அவள எந்த நடுவரும் குறைச்சதில்ல.”

“ஒரிஜினல்னா ஒரிஜினல், நெரினா.”

“அப்ப எங்கப்பா டூப்ளிகேட்டா?”

இருக்கை கொட்டகையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஆனால் அதன் தோல் வெடிக்காமல் யாரோ எண்ணெய் தடவி வருகிறார்கள். கோழிகள் தடவியிருக்க முடியாது.

மற்றபடி ஒரிஜினல் விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. பெட்ரோல் டாங்கின் உள்துருவை எடுக்க அதற்குள் பொடிக்கல்லைப் போட்டு, பக்கத்துப் பண்ணை டிராக்டரின் சக்கரத்தில் கட்டிவிட்டார். உழவு முடிந்தபோது டாங்கும் பளபளத்தது. சிவப்புச் சாயத்துக்காக, வெயில் படாமல் பழைய நிறம் மங்காத பக்கப்பெட்டி மூடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தார். ஒரு கடைக்காரரிடம், “இது தக்காளி. நான் கேட்டது ரத்தம்” என்றார். அந்த ஆள் கொஞ்சம் பயந்துதான் போனார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி” என்பது அவருடைய வாய்ப்பாடு. அந்த ஒன்று எப்போதும் ஜனவரியில்தான் வரும்.

ஜனவரியில் வனத்து அந்தோணியார் திருநாள். அன்று தேவாலயத்துக்கு முன்னால் பசு, குதிரை, நாய், டிராக்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் நிற்கும், பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். எங்கள் ஊரில் அதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. எதுவானாலும் தன் மூச்சில் வர வேண்டும். தள்ளிக்கொண்டு வந்ததற்கும் கயிறு கட்டி இழுத்து வந்ததற்கும் தீர்த்தம் கிடையாது. திருநாள் நெருங்கும்போதெல்லாம் எர்மெஸ் நன்றாக இருந்த ஏதோ ஒன்றைக் கழற்றிவிடுவார். ஒரு வருஷம் மேக்னெட்டோ, ஒரு வருஷம் கிளட்ச்.

காரணம் வண்டியில் இல்லை, வலது முழங்காலில் இருந்தது. அத்திமரத்து ஏணியிலிருந்து விழுந்தவர், “விழல, கொஞ்சம் சீக்கிரமா எறங்கிட்டேன்” என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். குட்ஸியை உதைத்துக் கிளப்ப உடம்பின் மொத்தக் கனத்தையும் அந்தக் காலில் இறக்க வேண்டும். அவரால் முடியாது. வண்டி வேலை முடிந்துவிட்டால் கால் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மாடிப்படியில் அவர் எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பார்த்தே நெரினாவுக்கு எல்லாம் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு லேசான காரியம் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வருஷம் முடிதிருத்துகிற லெயார்கோ விடவில்லை. திருநாள் காலையில் காப்பிக்கடைக் கூட்டத்தையே முற்றத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். குட்ஸி முழுசாக, ரத்தச் சிவப்பில், கொட்டகை வாசலில் நின்றது. எர்மெஸ் கோட்டு போட்டு, கழுத்துத்துணி கட்டி, பக்கத்தில் காவல்காரர் போல நின்றார்.

“என்னப்பா எர்மெஸ், இந்த வருஷம் எது செத்துப்போச்சு?”

“கார்புரேட்டர் ஊசி கொஞ்சம் மக்கர் பண்ணுது. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்...”

“போன வருஷம் கிளட்சுக்கு அழுதோம். ஊசிக்கும் அழுதுடுவோம். பாதிரியார வேணா இங்க வரச்சொல்லட்டுமா, சாகுறவங்களுக்குப் பூசுற கடைசி எண்ணெயப் பூச?”

கூட்டம் சிரித்தது. எர்மெஸும் சிரித்தார். சிரிக்கும்போது அவர் கை டாங்கைப் பிடித்திருந்த பிடியை நெரினா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உருட்டிய மாவின் மேல் ஈரத்துணியைப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோழிக்கூண்டுக்குப் போடும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

முற்றத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வண்டிக்குப் போனாள். பெட்ரோல் குழாய் மூடியிருந்தது, திறந்தாள். கார்புரேட்டர் பொத்தானைத் தட்டினாள், விரலில் ஈரம் பட்டது. ஊசியில் ஒரு கோளாறும் இல்லை. கைப்பிடியில் எஞ்சின் அமுக்கத்தை விடுவிக்கும் நெம்புகோலை அழுத்தி, பிஸ்டனை அந்த இறுக்கமான இடத்துக்கு அப்பால் மெல்லக் கொண்டுபோய் நிறுத்தினாள். பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மிதித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

“நெரினா, இடுப்பு போயிடப்போகுது” என்றார் லெயார்கோ.

“உன் வாய் போகட்டும் முதல்ல.”

மறுபடி மிதித்தாள். வெளிச்சக்கரம் ஒரு சுற்று யோசித்தது, பிறகு பிடித்துக்கொண்டது. தொப்... தொப்... தொப். அவள் அப்பா சூப்பு குடித்த வேகத்திலேயே அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. விறகின் மேல் படுத்திருந்த பூனை இடம் மாறிப் படுத்தது. லெயார்கோ தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

“சரி,” என்றார். “ஓட்டிட்டுப் போறது யாரு?”

நெரினாவின் பழைய கார் லைசென்ஸிலேயே மோட்டார் சைக்கிளும் அடக்கம். அந்தக் காலத்தில் எடுத்தவர்களுக்கு அப்படித்தான்.

“மாவு காயுது,” என்றாள். “சீக்கிரம் முடிவு பண்ணுங்க.”

எல்லாரும் எர்மெஸைப் பார்த்தார்கள். அவர் ஒற்றை இருக்கையைப் பார்த்தார். நெரினாவின் பூட்ஸ் கால்களைப் பார்த்தார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனார். இத்தனை பேர் பார்க்க, வலது காலை மறைக்காமல் இழுத்துக்கொண்டே போனார். ஆணியில் தொங்கிய பின்னிருக்கையோடும் பால் கறக்கும் முக்காலியோடும் திரும்பி வந்தார். முக்காலியைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, “ஓட்டப்போறது நீதான், நெரினா” என்று சொல்லிக்கொண்டே இருக்கையில் ஒட்டியிருந்த கோழியிறகைக் கோட்டுக் கையால் துடைத்தார். சட்டைப்பையிலேயே இருந்த இரண்டு போல்ட்டுகளை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் அதிர்வுக்கு நடுவே, முதல் போல்ட்டை விரலால் முறுக்க ஆரம்பித்தார்.