நாலே சுத்து

பெரிய மாப்பிள்ளைக்குக் குழாய் வேலை இருபது வருஷப் பழக்கம். குழாயின் திருகு மரையில், ஒழுகாமல் இருக்க, வெள்ளை டேப்பைப் பன்னிரண்டு சுத்து சுத்தினால்தான் மனுஷனுக்கு நிம்மதி. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேரே 'பன்னெண்டு சுத்து'. கேலி இருக்கட்டும், அவர் பொருத்திய குழாய் ஒழுகியதாக ஒரு பேச்சு கிடையாது.

அப்புறம் வந்து சேர்ந்தான் பாருங்கள், சகலை! மச்சினியைக் கட்டிக்கொண்டவன். அவனுக்கும் அதே தொழில். விசிலடித்துக்கொண்டே நாலே சுத்து, ஒரு முறுக்கு, முடிந்தது வேலை. "சின்ன மாப்பிள்ளைக்கு என்ன சுறுசுறுப்பு!" என்று மாமியார் உருகுவார். "நீங்களும்தான் இருக்கீங்களே" என்று பெண்டாட்டி வேறு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மாமனார் கட்டட மேஸ்திரி. நாலு மாடிக் கட்டடம் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. "முதல்ல நம்ம வீட்டு வேலையப் பாருங்க. சமையலறை சின்னவருக்கு, குளியலறை பெரியவருக்கு. யார் வேலை சுத்தமோ, அந்தக் கட்டடத்துக் குழாய் வேலை அவருக்கு" என்று சொல்லிவிட்டார்.

எப்போதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்கிறவர், அன்றைக்குச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்போதுதானே சமையலறையை வேவு பார்க்க முடியும்! 'மூணு... நாலு... அவ்வளவுதானா? ஒழுகட்டும், நல்லா ஒழுகட்டும்' என்று கண் அங்கே. கை மட்டும் பழக்கத்தில் பக்கத்துக் குழாயின் மரையில் டேப்பைச் சுத்தியது. குழாயை முறுக்கும் திசையிலேயே சுத்தினால்தான் டேப் நிற்கும்; ஆள் திரும்பி உட்கார்ந்தால் சுத்தும் தலைகீழாகும் என்பது கைக்கு எப்படித் தெரியும்?

தண்ணீரைத் திறந்தார்கள். இவர் நேரே சமையலறைக்கு ஓடி, சகலை போட்ட குழாயின் அடியில் விரலை விட்டுத் தடவினார். சொட்டு ஈரம் இல்லை.

"என்னங்க, இங்க பீய்ச்சுது!" குளியலறையிலிருந்து பெண்டாட்டி கத்தினாள்.

முறுக்க முறுக்கப் பிரிந்துபோன டேப், மரைக்கு வெளியே கந்தலாகத் தொங்கியது. மாமனார் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "சின்னவரே, இதையும் நீங்களே பாத்துடுங்க" என்றார்.

"அண்ணே, என் டேப் தீந்துபோச்சு. உங்களுதத் தர்றீங்களா?" சகலை தணிவாகத்தான் கேட்டான். கொடுத்தார். நாலே சுத்து. ஒழுக்கு நின்றது.

எல்லாரும் போன பிறகு பெரிய மாப்பிள்ளை மெல்லக் குனிந்து, சகலை சரிசெய்த தன்னுடைய அந்தக் குழாயின் அடியில் விரலை வைத்து, ஒரு சொட்டாவது விழாதா என்று காத்துக்கொண்டிருந்தார்.