ஒன்று நல்லதா, ஐந்து நல்லதா?

என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் மார்க் போட்டாக வேண்டும். வேலை அப்படி. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் டெஸ்டிங் லேபில் இருக்கிறார். சாயமேற்றிய பனியன் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைத்து, சாயம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து மார்க் போடுவார். ஐந்து என்றால் சாயம் அசையவே இல்லை. ஒன்று என்றால் கூட இருந்த துணியும் பாழ். மூன்று வந்தால் வாங்குகிறவரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சரக்கை லாரி ஏற்றிவிடலாம். இந்தக் கணக்கை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். என் ரசம் நாலு. என் தம்பி கல்யாணத்துப் பந்தி மூணரை. என் கோபத்துக்கு மட்டும் என்றைக்கும் அஞ்சு.

ஒரு தடவை பட்டறையில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். இவருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்து, கல்லீரலில் கொழுப்பு, கிரேடு மூன்று, போய் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மனுஷன் டாக்டரைப் பார்க்கவில்லை. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "மூணு அம்மிணி, பாஸ்" என்றார். நானும் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள்தான். எனக்கும் மூன்று என்றால் பாஸ்தான். சர்க்கரை இருக்கிற மனுஷன் ஒரு துண்டு எடுத்தார், சந்தோஷத்தில் இன்னொன்றும் எடுத்தார். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. முதலில் எனக்குத்தான். மூக்கு வேலை நிறுத்தம் செய்தது, காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவோடு விட்டுவிட்டது. அவருக்கோ மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. எனக்கும் நோய் இருந்ததால் கூடப் போக விடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து டாக்டர் போன் செய்து, வேறு வியாதி ஏதாவது உண்டா என்று கேட்டார். "சுகர் இருக்குதுங்க. ஆனா ஈரல் நல்லா இருக்குதுங்க, கிரேடு மூணு" என்றேன், ஏதோ பிள்ளை மார்க் வாங்கிய பெருமையில். "மூணுங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். கல்லீரல் கணக்கில் ஒன்றுதான் லேசு, மூன்று என்றால் மோசம். கொழுப்பேறிய ஈரலும் சர்க்கரையும் சேர்ந்திருக்கிறவர்களுக்குக் கொரோனா முற்றிவிடும் ஆபத்து கூடுதல். நுரையீரலுக்காகப் போடுகிற மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும். சில மருந்துகளை ஈரல் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பிழைத்துவிடுவார் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

பயத்தை விட எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அன்று சாயந்திரம் நர்ஸ் வீடியோ காலில் அவரைக் காட்டினார். மூஞ்சி முழுக்க ஆக்ஸிஜன் மாஸ்க். பதில் பேச முடியாத மனுஷன் கிடைத்தால் விடுவேனா?

"ஏனுங்க, ஈரல் என்ன பனியன் துணீங்களா? ஒண்ணுதான் நல்லதாமா, மூணு மோசமாமா. அதுக்கு மைசூர்பாகு வேற" என்று பிடிபிடி என்று பிடித்தேன். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பேச முடியாவிட்டால் போகிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்று தினம் விரலிலாவது காட்டுங்கள் என்றேன். மூன்று விரல் காட்டினார். சரி, லாரி ஏற்றிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த சாயந்திரமும் மூன்று. அதற்கடுத்த நாள் இரண்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டால் எந்நேரமும் எங்கேஜ். மறுநாள் வீடியோ வந்தது. படம் ஆடியது, அவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கையை மட்டும் தூக்கி ஒற்றை விரலைக் காட்டினார். லைன் கட்டாகிவிட்டது.

ஒன்று. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிவந்தார். நான் ஒற்றை விரலைக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "அட சாமீ" என்று அவரும் ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டே நான் மறுபடி மறுபடி போன் போட, கடைசியில் நர்ஸ் எடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்.

"என்னத்துக்கு அழுதீக? சாருக்கு ஆக்ஸிஜன் குறைச்சாச்சு. மாஸ்க்கை எடுத்தாச்சு, மூக்குல குழாய் மட்டும்தான். உக்காந்து இட்லி சாப்பிடுதாக" என்றார்.

அப்புறம் போனில் என் வீட்டுக்காரர் குரல் வந்தது, நூல் மாதிரி மெலிந்து. "நீதானே அம்மிணி சொன்னே, ஒண்ணுதான் நல்லதுன்னு? மூணுல இருந்து ரெண்டுக்கு வந்தேன், ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு வந்துட்டேன். இதுக்குப் போயி அழுகறே?"

இருபது வருஷமாக என் பேச்சைக் கேட்காத மனுஷன், கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டிருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர், எனக்கு மண்டை குழம்பிவிட்டது என்று இன்னும் சத்தமாக அழுதார். "இட்லி சாப்பிடறாருங்க" என்று கத்தினேன். அவர் பாதி அழுகையில் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சட்னி என்னங்க?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தேன்.

இப்போது தினமும் காலையில் இரண்டு பேரும் நடக்கிறோம். மைசூர்பாகு வீட்டு வாசல்படி ஏறுவதில்லை. போன ஸ்கேனில் ஈரல் இரண்டுக்கு வந்திருக்கிறது. எந்தக் கணக்கில் என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன். லேபில் அவர் துணிக்கு மார்க் போடட்டும், என் ரசத்துக்கும் போடட்டும். ஆனால் உடம்பைப் பற்றி விரல் காட்டக் கூடாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பது என் சட்டம்.

அதனால் தினம் காலையில் எழுந்ததும், நான் கேட்பதற்கு முன்னாலேயே, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று சொல்கிறார்: "நல்லா இருக்கறனுங்க."