ரூலெட் மேசைக்கு இந்தப் பக்கம்

விழா வீடுகளுக்கு ரூலெட் மேசையைக் கொண்டுபோய்ச் சுழற்றுவது என் தொழில். ஆட வருபவருக்கு வேண்டியது அதிர்ஷ்டம், சுழற்றுபவளுக்கு வேண்டியது பொறுமை. வாடிக்கையாளரின் மனம் கோணாமல் உண்மையைச் சொல்லியாக வேண்டிய எந்த வேலையில் நீங்கள் இருந்தாலும், என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

முதலில் அறிய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தில் பூச்சியம் முதல் முப்பத்தாறு வரை முப்பத்தேழு பள்ளங்கள் உள்ளன. பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு, பூச்சியம் மட்டும் பச்சை. சக்கரம் ஒரு திசையிலும் சிறு பந்து எதிர்த் திசையிலும் சுழலும். பந்து அமரும் பள்ளமே விடை. தனி எண்ணில் வைத்து வென்றால் ஒன்றுக்கு முப்பத்தைந்து, பன்னிரண்டு எண்களின் தொகுதியில் வென்றால் ஒன்றுக்கு இரண்டு, சிவப்பு கறுப்பிலும் ஒற்றை இரட்டையிலும் ஒன்றுக்கு ஒன்று. பூச்சியம் இல்லையெனில் கணக்கு இரு தரப்புக்கும் சமம். அது இருப்பதால், எங்கே வைத்தாலும் வைத்ததில் முப்பத்தேழில் ஒரு பங்கு, காலப்போக்கில் மேசையின் பக்கம் சாய்ந்துவிடும். இது பிரான்சில் வளர்ந்த ஆட்டம். ‘சிறு சக்கரம்’ என்பதே பெயரின் பொருள். ஓயாமல் தானே சுழலும் எந்திரம் செய்ய முயன்று தோற்ற ஒரு கணித அறிஞரிடமிருந்து இந்தச் சக்கரம் வந்தது என்றொரு கதையும் உண்டு. எங்கள் மேசையில் பணம் கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள் மட்டுமே. இறுதியில் அதிக வில்லை வைத்திருப்பவருக்கு விழா வீட்டார் ஏதேனும் பரிசு தருவார்கள்.

நான் பள்ளியில் தமிழ் இலக்கணம் கற்பித்தவள். முதலியார்பேட்டையில் என் கணவர் வாடகைப் பொருள் கடை நடத்துகிறார். எந்தப் பந்தயத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அவர் ஒவ்வொரு விழாவிலும் ஒவ்வொரு விதமாகச் சொன்னதால், மேசை என் பொறுப்புக்கு வந்தது.

கிளாராவின் கூட்டல்

என் உதவியாளர் கிளாரா ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விருந்தினர் வருமுன் சும்மா இருந்த நேரத்தில், சக்கரத்து எண்களையெல்லாம் கைபேசியில் கூட்டிப் பார்த்தாள். அறுநூற்று அறுபத்தாறு வந்தது. வேதாகமத்தில் அந்த எண் சாத்தானின் மிருகத்துக்கு உரியது என்பதைத் தாழ்ந்த குரலில் எனக்குத் தெரிவித்தாள்.

ஒன்று முதல் முப்பத்தாறு வரை எவர் எங்கே கூட்டினாலும் அதுதான் வரும், மறைக்கல்வி வகுப்பில் கூட்டினாலும் அதுதான் வரும் என்றேன். அவள் மறுக்கவில்லை. சற்று யோசித்து, வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டாள்: “சக்கரத்த நீங்களே சுத்துங்கக்கா. நான் வில்லைய மட்டும் பொறுக்கறேன். வில்லையில நம்பர் போடல.”

மதாம் கேட்ட உதவி

உப்பளம் பகுதியிலிருந்து மதாம் மதலேன் கடைக்கு வந்தார். எங்கள் ஊரில் பிரெஞ்சுத் தொடர்புள்ள குடும்பங்களில் பெண்ணை மதாம் என்றும் ஆணை முசியே என்றும் மரியாதையாக அழைப்பார்கள். அவருடைய கணவர் முசியே லூசியேன் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிரான்சில் துலூசில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது; ஞானஸ்நானத்துக்கு இருவரும் போவதற்கான விமானக் கட்டணத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். இந்த நேரத்தில் முசியே கைபேசியில் ஒரு முறையைக் கண்டுபிடித்துவிட்டார். சிவப்பில் வைப்பது, தோற்றால் இரட்டிப்பது, மீண்டும் தோற்றால் மீண்டும் இரட்டிப்பது. என்றாவது சிவப்பு வந்துதானே தீரும், போனதெல்லாம் ஒரே வீச்சில் திரும்பிவிடும் என்பது அவர் வாதம். அந்தக் கட்டணப் பணத்தோடு கோவா கேசினோவுக்குப் போய், படுத்துக்கொண்டே பயணம் செய்யும் உயர் வகுப்புக்குத் தேவையானதைச் சம்பாதித்து வருவது அவர் திட்டம். மதாமின் முழங்காலால் அத்தனை மணி நேரம் மடங்கி உட்கார முடியாது என்பதே காரணம்.

பணம் போனால் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானமும் போகும் என்று மதாம் கலங்கினார். அவர்களுடைய திருமண நாள் விருந்தில் என் மேசையைப் போட்டு, முசியேவைத் தோற்க வைக்க வேண்டும், சக்கரத்தைக் கொஞ்சம் சாய்த்து வைக்க முடியுமா என்று கேட்டார். சாயும் சக்கரத்தை நான் வெளியே எடுத்துச் செல்வதில்லை என்றேன். அவர் எழுந்து, வாசல்வரை போய், திரும்பிப் பார்த்தார். “சாய்க்க வேணாம் டீச்சர். லேசா ஒரு தட்டு தட்டுனா போதும்.”

விருந்தில்

தட்டவில்லை. முசியே வென்றார். இதில் வியப்பு ஒன்றுமில்லை. இரட்டிக்கும் முறை சிறிது நேரம் ஆடினால் பெரும்பாலும் வெல்லும், அதுதான் அதன் ஆபத்து. மதாம் தம் கையாலேயே கணவருக்குப் பரிசு வழங்க வேண்டியதாயிற்று. அது ஒரு பிரஷர் குக்கர். மதாம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது.

புறப்படுமுன் முசியேவிடம் ஒன்று சொன்னேன். கேசினோ மேசைகளில், ஒரு பந்தயத்துக்குக் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று பலகை இருக்கும். விருந்துகளில் மனத்தாங்கல் வரும் என்பதால் நான் அதை வைப்பதில்லை. பலகையோடு ஒருமுறை ஆடிப் பார்ப்பது நல்லது என்றேன். படையில் இருந்தவர் என்பதால் உடனே இசைந்தார். “வாங்க டீச்சர், ஞாயித்துக்கிழம வாங்க. சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி பரேடு பண்ணித்தான் ஆவணும்.”

பாதி

ஞாயிறு பிற்பகல், அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நால்வர் மட்டும். பலகையில் குறைந்தது பத்து, கூடினால் ஐந்நூறு என்று எழுதினேன். முசியேவுக்கு இரண்டாயிரம் வில்லைகள் கொடுத்தேன். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே பூச்சியம் விழுந்தது. கிளாரா வில்லைகளை வாரப்போனாள். முசியே அவற்றின் மேல் கையை வைத்தார். பிரான்சில் பூச்சியம் விழுந்தால், சிவப்பு கறுப்பில் வைத்தவருக்குப் பாதியைத் திருப்பித் தருவார்கள் என்றார்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். பிரெஞ்சு மேசைகளில் அப்படி ஒரு விதி உண்டுதான். அதனால் அந்தப் பந்தயங்களில் மேசைக்குச் சாயும் பங்கும் பாதியாகக் குறைகிறது. விதி என்றால், அது எனக்கு எதிராக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். பாதியைக் கொடுத்தேன். முசியே கிளாராவைப் பார்த்துச் சொன்னார்: “தோத்தவனையும் மதிக்கற ஊரு அது. நீ என்னாடான்னா மொத்தத்தயும் வாரப் பாக்கற.”

ஐந்நூறு

அதன்பின் முசியே பத்துப் பத்தாகச் சேர்த்துக்கொண்டே போனார். மதாம் முழங்காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி, சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். பிறகு கறுப்பு வந்தது. மீண்டும் கறுப்பு. பத்து, இருபது, நாற்பது, எண்பது, நூற்றறுபது, முந்நூற்றிருபது என ஆறும் போயின. பத்திலிருந்து புதிதாக ஆரம்பிப்பதை ஒரு தொடக்கம் என்றால், தொடர்ந்து ஆறு முறை தோற்பது ஏறத்தாழ ஐம்பத்தைந்து தொடக்கங்களுக்கு ஒருமுறை நேரும். மாலை முழுவதும் ஆடுபவருக்கு ஐம்பத்தைந்து தொடக்கங்கள் பெரிய எண்ணிக்கையல்ல.

முசியே அறுநூற்று நாற்பது வில்லைகளை எண்ணிச் சிவப்பில் வைத்தார். நான் பலகையைக் காட்டினேன். இந்த ஒரு முறை மட்டும் என்று கேட்டார். இயலாது என்றேன். அப்போது, அவர் தோற்க வேண்டும் என்று என்னிடம் வந்து நின்ற மதாமே, முக்காலியிலிருந்து காலை இறக்கி, விட்டுக்கொடுக்கும்படி என்னிடம் மன்றாடினார், பிளாஸ்டிக்தானே என்றார். கோவாவில் அது பிளாஸ்டிக்காக இருக்காது என்றேன்.

முசியே அமைதியாக ஒன்று கேட்டார்: நான் அனுமதித்து, சிவப்பும் வந்திருந்தால், இந்தச் சுற்றில் தமக்கு லாபம் எவ்வளவு? ஏற்கெனவே போனதைக் கழித்தால் பத்து என்றேன். போன அறுநூற்று முப்பதையும் கையிலிருந்த அறுநூற்று நாற்பதையும் அவர் வாய்க்குள் கூட்டினார். மீண்டும் கேட்டார். மீண்டும் பத்து என்றேன். வில்லைகளைத் தாமே கிளாராவின் பக்கம் தள்ளிவிட்டு, மனைவியின் காலை எடுத்து முக்காலியின் மேல் வைத்தார். “பத்துக்கா இத்தனையும் வெச்சேன்? சாதா டிக்கெட்டே எடுத்துடு, மதலேன். ஒரு மணிக்கு ஒருதரம் நான் எழுப்பி நடக்க வெக்கறேன்.”

பிறகு முடிவானவை

சாதாரண வகுப்பில் இரண்டு இருக்கைகள் எடுக்கப்பட்டன. மதாமுக்கு நடைபாதை ஓரம். ஞானஸ்நானம் நடந்தது, குழந்தை மதாமின் மடியில் இருக்கும் படம் எங்கள் கடைக்கும் வந்தது. மணிக்கொருமுறை எழுப்புவதாகச் சொன்னவர் வழி நெடுகத் தூங்கினார் என்றும், அவரை எழுப்பியது தாம்தான் என்றும் மதாம் தெரிவித்தார். பூச்சியத்துக்குப் பாதி என்ற விதி இப்போது என் மேசையில் நிரந்தரம். ஏழாவது முறை சுழற்றியிருந்தால் என்ன நிறம் வந்திருக்கும் என்பது மட்டும் முடிவாகவில்லை. முசியே இன்றும் சிவப்பு என்கிறார்.

பந்து எங்கே விழும் என்று தெரியாமல் சுழற்றுவது எளிது. ஆட வந்தவர் யாருக்காக ஆடுகிறார் என்று தெரிந்த பிறகும் அதே விசையில் சுழற்றுவதற்குத்தான் எங்களுக்கு வாடகை தருகிறார்கள்.