ஈயக் கம்பெனி சேர்மனை இறக்கினோம்

அப்பா மலாயாவில், பேராக்கில் ஓர் ஈயக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். குளத்தில் மிதந்தபடி மண்ணை வாரிச் சலிக்கும் ஈயக் கப்பலின் இரைச்சலிலேயே அவருடைய இளமை கழிந்தது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் பெரும்பகுதியை அதே கம்பெனியின் பங்குகளில் போட்டுவிட்டு, அம்மாவையும் என்னையும் சிங்கப்பூருக்கு அழைத்துவந்தார். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் குடியேறினோம். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனேன். ஐம்பதுகளின் கடைசி அது.

கம்பெனியின் வருடாந்தரக் கூட்டம் ராபிள்ஸ் பிளேஸில் நடக்கும். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்ததால், அந்த வருடம் நான் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். சில மாதங்களுக்கு முன்புதான் சுரங்கத்தில் குளக்கரை உடைந்து, தொழிலாளர் லயங்களுக்குள் சேறு புகுந்து ஆட்கள் செத்திருந்தார்கள். கரை தாங்காது என்று முன்கூட்டியே சொல்லியும், செலவுக்குப் பயந்து மேலிடம் விட்டுவிட்டது என அங்கிருந்த பழைய சிநேகிதர்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

அப்பா எழுந்து நின்றார். நிதானமான ஆங்கிலத்தில், செத்தவர்களின் குடும்பங்களுக்குக் கம்பெனி என்ன செய்தது என்று கேட்டார். கையில், டீயோடு கொடுத்த பிஸ்கட் பாதி தின்றபடி இருந்தது.

மேடையில் இருந்த வெள்ளைக்காரச் சேர்மன் துரை அதைப் பார்த்துவிட்டார். "உட்காருங்கள் பெரியவரே. பிஸ்கட் போதவில்லை என்றால் இன்னும் கொண்டுவரச் சொல்கிறேன்" என்றார். அறை முழுவதும் சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிக்க முயன்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று அவர் போட்டிருந்த கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் நமுத்த பிஸ்கட் தூள் இருந்தது. அதன்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார்.

பங்குகள் என் பெயருக்கு மாறின. கைக்கு ஒரு கத்தி கிடைத்ததுபோல் இருந்தது.

பங்குதாரர்கள் போதிய அளவு ஒன்றுசேர்ந்தால் கம்பெனி இயக்குநர்களையே ஓட்டெடுத்து நீக்கலாம் என்பது வக்கீல் ஆபீசில் டைப் அடித்தே எனக்குத் தெரிந்திருந்தது. முதலில் பஃபலோ ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த பாயிடம் போனேன். அவரிடமும் பங்குகள் இருந்தன.

"பாய், அன்னைக்கு நீங்களும் அந்த ரூம்ல இருந்தீங்க."

துணி அளந்துகொண்டிருந்த கை நின்றது. "இருந்தேம்மா. நான் சிரிக்கல. ஆனா வாயத் தொறக்கவும் இல்ல." துணியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டார். "உனக்கு என்ன வேணும்? லாபமா?"

"அந்த ஆளு அந்த நாற்காலிலேர்ந்து எறங்கிப் போவணும்."

பாய் அளவுகோலைக் கீழே வைத்தார். "சரி, வா."

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். பால்காரர், நகைக்கடைக்காரர், பிடோக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் பங்குகள் இருந்தன. "தொரைகிட்ட மோதறதா? வேணாம் லா" என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. ஆனால் பல வருடமாக லாபப் பங்கு வரவில்லை. இயக்குநர்கள் மட்டும் தங்கள் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்தக் கோபத்தில் பலர் தங்கள் சார்பில் ஓட்டுப்போடும் உரிமையை எங்களுக்கு எழுதிக்கொடுத்தார்கள். எனக்கு அவர்களுடைய கோபம் வேண்டியிருந்தது. என் கோபம் வேறு என்பதை நான் சொல்லவில்லை.

விஷயம் கம்பெனிக்கு எட்டியதும் அதன் செயலாளர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். என் பங்குகளைச் சந்தை விலையைவிட இரண்டு மடங்குக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் போனதும் அம்மா, "வித்துடேன்டி. உங்கப்பாவே அவன மன்னிச்சிருப்பாரு" என்றாள்.

"அப்பா மன்னிச்சிருக்கலாம். நான் அப்பா இல்லம்மா."

கூட்டத்தன்று அறையில் உட்கார இடமில்லை. வேட்டியும் கைலியும் கட்டியவர்கள் அந்தத் தோல் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்ததைச் சேர்மன் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கை தூக்கச் சொன்னபோது நாங்களே அதிகம். உடனே அவர் பங்குகளின் எண்ணிக்கைப்படி ஓட்டெடுக்கச் சொன்னார். அதில் பெரும் பங்குதாரரான சீன முதலாளி, தவுக்கே ஒருவர் எப்போதும் அவர் பக்கம் நிற்பார். ஆனால் பாய் பல நாள் அந்தத் தவுக்கேயின் கடைக்குப் போய், லாபப் பங்கு வராததைச் சொல்லி மலாயில் பேசியிருந்தார். தவுக்கே எங்கள் பக்கம் ஓட்டுப் போட்டார்.

முடிவை வாசித்தபோது துரையின் கழுத்து சிவந்தது. அவர் வாசலை நோக்கி நடந்தபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"குளக்கரையைப் பற்றிக் கேட்ட கிராணியின் மகள் நான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"எந்தக் கிராணி?" என்றார் அவர்.

பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். நடிக்கவில்லை. உண்மையாகவே நினைவில்லை. தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

கீழே தேத்தண்ணிக் கடையில் பாய் கேட்டார். "ஜெயிச்சுட்டோம்லா. ஏம்மா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?"

"அவனுக்கு ஞாபகமே இல்ல பாய்."

"இல்லாட்டிப் போவுது. இன்னைக்கு நடந்தத மறக்க மாட்டான்."

புதிய இயக்குநர்களிடம் நாங்கள் முதலில் கேட்டது செத்தவர்களின் குடும்பங்களுக்கான நஷ்டஈடு. இழுத்தடித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். கரையையும் பலமாகக் கட்டினார்கள். நல்ல காரியம்தான். நான் அதற்காகத்தான் போராடினேன் என்று பிற்பாடு பலர் பாராட்டியபோது மறுத்துப் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து, துரை ஊருக்கே திரும்பப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிக் காத்தோங் போனேன். கடலோரத்து அவர் பங்களாவுக்கு எதிரே மரத்தடியில், ஒரு பொட்டலம் கச்சான் கடலையை வாங்கிக்கொண்டு நின்றேன். லாரியில் சாமான்கள் ஏறின. பியானோவைக் கூலியாட்கள் தூக்க முடியாமல் தூக்கினார்கள். துரை வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பியானோ ஏறி, லாரியின் பின்கதவைச் சாத்தும்வரை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "காத்தோங் போனியே, பிள்ளையாரப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"கோயில் பக்கமே போவலம்மா" என்றேன். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.