காய்ச்சல் குழந்தைக்குப் பசி அழுகை

ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குழந்தையைத்தான் தேடுவார்கள். அழுகை கேட்கும், தொட்டில் இருக்காது. மைக்குக்கு முன்னால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோடு போட்ட சின்னத் தலையணையில் முகத்தைப் புதைத்தபடி ஓர் அம்மாள் குலுங்கிக்கொண்டிருப்பார். ஹில்டா ரோகின். வயது ஐம்பத்து நான்கு. நியூயார்க் வானொலித் தொடர்களில் பிறந்த குழந்தைகளில் பாதி இவர் தொண்டையில் பிறந்தவை.

நிஜக் குழந்தை சொன்ன நேரத்துக்கு அழாது, அழ ஆரம்பித்தால் நிறுத்தாது. அதனால்தான் ஹில்டா. "பசிக்கு அழுறது மூச்ச இழுத்து இழுத்து அழும். துணி நனைஞ்சா கோவமா அழும். காய்ச்சல் புள்ளைக்கு அழக்கூடத் தெம்பு இருக்காது, முனகும். அதுதான் கஷ்டம்" என்பார். பூங்காவில் ஏதாவது தள்ளுவண்டியில் சிணுங்கல் கேட்டால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்து நிற்பார். தாய்மார்கள் முறைப்பார்கள். "திருட வரலம்மா, கத்துக்க வந்தேன்." ஒலிபரப்பு நாளில் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். வெந்நீரும் எலுமிச்சையும்தான்.

தலையணைக்குள் முகம் இருந்தால் இயக்குநர் காட்டும் விரல் தெரியாது. அதற்கு லூ பாஸ்கின் இருந்தார். சோப்புக் கம்பெனி ஒன்று பணம் போட்டு நடத்தும் குடும்பத் தொடரில் ஹில்டா குழந்தை, அவர் வீட்டு நாய். ஒல்லி, உயரம், கோடையிலும் கழுத்தில் மஃப்ளர். அவர் ஹில்டாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் குழந்தை அழும். அழுகை முடிகிற இடத்தில் ஹில்டா தலை நிமிராமலே அவர் முழங்கையில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், நாய் குரைக்கும். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

"என்ன பாப்பா, பல்லு ஏதாச்சும் மொளச்சுதா?" என்பார் லூ.

"நீ மொதல்ல கழுத்துல பட்டையக் கட்டிட்டு வா. முனிசிபாலிட்டி வண்டி வாசல்லதான் நிக்குது."

கம்யூனிஸ்ட் வேட்டை நடக்கிற காலம் இது. இப்படிப்பட்ட அம்மாளை இந்த நாட்டின் எதிரி என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துச் சொன்னது. கம்யூனிஸ்ட் சாயல் உள்ள கலைஞர்கள் என்று அதில் அகர வரிசையில் பெயர்கள். ஹில்டாவின் பெயருக்குக் கீழே இரண்டு வரி: 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இடதுசாரிகளுக்கு ஆதரவான கூட்டம் ஒன்றில் மேடையேறியவர்.

ஏறினார், உண்மைதான். குண்டு விழுந்த ஊர்களின் குழந்தைகளுக்குப் பால் டப்பா சேர்த்த கூட்டம் அது. பேச்சாளர்கள் பேசி முடித்தும் கூட்டம் அசையவில்லை. ஹில்டா தலையணையோடு மேடையேறி, பசி அழுகையை நான்கு நிமிடம் அழுதார். வாசலில் டப்பாக்கள் குவிந்தன. குற்றம் அவ்வளவுதான். அவரை அங்கே கூட்டிப்போனவர் லூ. அந்தப் பெயர் புத்தகத்தில் இல்லை.

புத்தகம் போட்டவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நடிப்பவர்களின் பெயர்களை நிலையத்திலிருந்து வாரா வாரம் மேல்மாடி அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் படிப்பார்கள். அங்கிருந்து 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று ஒரு சொல் வரும். காரணம் வராது, காகிதமும் வராது. எல்லாருடைய பெயரையும் கேட்கிறவர்கள் தங்கள் பெயரைச் சொல்வதில்லை. சட்டப் படிப்புப் படித்து, பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிற கனவான்கள் செய்கிற வேலை இது. படித்த படிப்பு வெட்கப்பட வேண்டும்.

ஹில்டாவின் பெயருக்கு 'வேண்டாம்' வந்தது. இயக்குநர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு காரணம் சொன்னார்: இந்த வேஷத்துக்கு வயது அதிகமாகிவிட்டது.

"குழந்தை வேஷத்துக்கு எனக்கு வயசாயிடுச்சாம்!" நடிகர்கள் கூடுகிற, காபியும் விற்கிற மருந்துக்கடையில் ஹில்டா இதைச் சொன்னபோது நடிகர்கள் சிரித்தார்கள். மறுவாரம் அவர்களில் பாதிப் பேர் வேறு கடையில் காபி குடித்தார்கள்.

ஆனால் தொடரில் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. நிலையத்தில் ஹில்டாவின் பழைய அழுகை இசைத்தட்டில் இருந்தது. ஆள்தான் ஆபத்து, குரல் ஆபத்தில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, கதையில் குழந்தைக்குக் காய்ச்சல். மருந்துக்கடை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த ஹில்டா கரண்டியை வீசி எறிந்தார்.

"அது பசி அழுகைடா, மடப்பயலுகளா! காய்ச்சப் புள்ள இப்படியா அழும்?"

அவருக்கு மட்டுமா தெரியும்? பண்ணை வீடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. பசித்த கன்றின் குரலும் நோய்ப்பட்ட கன்றின் குரலும் கேட்டு வளர்ந்த பெண்கள் எழுதியவை. 'புள்ள பசியில அழுவுது, மருந்த ஏன் ஊத்துறீங்க?' என்று சோப்புக் கம்பெனியைத் திட்டியிருந்தார்கள். ஹில்டா இல்லாமல் முடியாது என்றானது. ஹார்கிரேவ் என்பவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். புத்தகத்தில் பெயர் வந்தவர்களின் கறையைத் துடைப்பவர் அவர். ஏமாந்தேன் என்று எழுதிக்கொடுத்து ஒரு பெயரும் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும்.

ஹார்கிரேவைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் மதியம், மருந்துக்கடையில் ஹில்டாவின் பக்கத்தில் லூ வந்து உட்கார்ந்தார். சர்க்கரை போடாத காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குப் போறியா பாப்பா?"

"போறேன்."

"என்ன கேப்பாங்க?"

"உன்னத்தான்."

மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்ல வரல. ரெண்டு பொண்ணு வீட்டுல இருக்கு. அதுக்காக நான்... உனக்கு எது சரின்னு..."

"நாய் பேசாது லூ. காபி ஆறுது, குடி."

ஹார்கிரேவ் எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை.

"யாரோ உங்கள ஏமாத்திட்டாங்க மேடம். அத ஒரு வரி எழுதிக் குடுங்க போதும்."

"எப்படி எழுதறது சார்? பால் டப்பா ஒழுங்காப் போய்ச் சேந்துச்சே."

"அது யாரோட பால்னு அன்னைக்கு யோசிச்சீங்களா?"

"மாட்டோடது."

அவர் சிரிக்கவில்லை. "அங்க உங்களக் கூட்டிட்டுப் போனது யாரு? ஒரே ஒரு பேரு. திங்கக்கிழமை நீங்க மைக் முன்னால நிக்கலாம்."

ஹில்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பையிலிருந்து தலையணையை எடுத்தார். "நான் அங்க என்ன செஞ்சேன்னு உங்க புஸ்தகத்துல சரியாப் போடல. இதத்தான் செஞ்சேன். முழுசா எழுதிக்கங்க" என்று முகத்தைப் புதைத்தார். நான்கு நிமிடம், பசி அழுகை. இரண்டாவது நிமிடத்திலேயே தட்டச்சுப் பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்: "யாரு குழந்த சார்? யாராச்சும் தூக்குங்களேன்!"

பெயர் வரவில்லை. வேலையும் வரவில்லை.

ஹில்டா ரோகின் இப்போது நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் குழந்தைகளின் காலணிக் கடையில் வேலை செய்கிறார். வாரம் ஆறு நாள். இரண்டேகால் மணிக்குக் கடை வானொலியில் அந்தத் தொடர் வரும். இசைத்தட்டுக் குழந்தை தப்புத் தப்பாக அழும். அவர் வானொலிப் பக்கம் திரும்புவதில்லை. முட்டி போட்டபடி ஏதோ ஒரு பிஞ்சுக் காலுக்கு நாடா கட்டிக்கொண்டிருப்பார். அழுகை முடிகிற இடம் வரும்போது மட்டும், நாடாவை விட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காலில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். நாய் குரைக்கிறது.