எம்.பி. வூட்டுக்காரர்

எங்கள் ஊர் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கியபோது கட்சிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். நான் அப்போது சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"ஒன் சம்சாரத்து பேர குடுப்பா. எல்லாத்தியும் நீதான பாத்துக்கப் போற" என்றார்.

வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "நிக்கிறது நான்னா என்னைத்தானங்க கேக்கணும்?"

அவர் சிரித்துவிட்டு அவளிடமே கேட்டார். யோசித்து மறுநாள் சரி என்றாள்.

ஜெயித்த பிறகு முதல் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். பெண் உறுப்பினர்களின் கணவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அதில் அவள் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க வூட்டுக்குப் போங்க. ஒல வச்சி சோறு ஆக்கிகினு இருங்க, வந்துடறேன்" என்றாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அன்று நான் ஆக்கிய சோறு குழைந்துபோனது. அவள் அதில் மோரை ஊற்றிக் கரைத்துச் சாப்பிட்டாள்.

பேச்சு அவளுக்கு அவ்வளவாக வராது. ஆனால் ஒரு வேலையைப் பிடித்தால் விடமாட்டாள். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வரும்வரை அலுவலக வாசலிலேயே போய் உட்கார்ந்தாள். அதிகாரி பின்வாசல் வழியாகப் போனால் அங்கேயும் நிற்பாள். அடுத்த தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் ஆனாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் பர்மனென்ட் ஆனேன். சுரங்கத்து டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. சுற்றிலும் மரம், எந்நேரமும் தண்ணீர். சாவி வாங்கக் கிளம்பியபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஓட்டு போட்டவங்க இங்க கெடக்கறப்ப நாம மட்டும் எப்புடிங்க அங்க போறது?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சில நாள் வருத்தமாக இருந்தது. பிறகு அந்த நினைப்பே வரவில்லை.

கட்சி அவளை நாடாளுமன்றத்துக்கு நிறுத்தியபோது எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருந்தது. வெயிலில் ஊர் ஊராகப் போனாள். காடாம்புலியூரில் பெண்கள் வண்டியை நிறுத்தி, பலாச்சுளையை வாயில் ஊட்டியே அனுப்பினார்கள். ஓட்டு எண்ணிய அன்று எனக்கு செகண்ட் ஷிப்ட். சூப்பர்வைசர் ஓடிவந்து, "ஒங்க சம்சாரம் ஜெயிச்சிட்டாங்கய்யா, கெளம்புங்க!" என்றார். "எனக்கு பதிலா ஆள் வரட்டும் சார்" என்றேன். அவரே நின்று பார்த்துக்கொண்டு என்னை அனுப்பினார்.

அவள் முதல் தடவை அவையில் பேசியபோது மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். கான்ட்ராக்ட் தொழிலாளர்களைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று தமிழில் பேசினாள். தொடக்கத்தில் குரல் கம்மியது, போகப்போக நிமிர்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்ததும் கேட்டாள். "கையி நடுங்கிச்சே, தெரிஞ்சிதா?"

"மேலேருந்து ஒண்ணும் தெரியல."

தெரிந்தது. சொல்லவில்லை.

இப்போதும் நான் ஷிப்டுக்குத்தான் போகிறேன். கேன்டீனில் எனக்கு 'எம்.பி. வூட்டுக்காரர்' என்று பெயர். கேலியாகச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. லீவு கிடைத்தால் டெல்லிக்கு ரயில் ஏறிவிடுவேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்; அதை அவித்துத் தரச்சொல்லிக் கேட்பாள். குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, இரண்டு பேருமாக உரித்துத் தின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவோம்.